மருந்தே இல்லாத வார்டில் ஆராய்ச்சி எதற்கு?

"கையுறை இல்லை, கனுலா இல்லை, சாதாரண மாத்திரைக்கே வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கிறோம். இதில் ஆராய்ச்சி வகுப்பு ஒன்றுதான் குறைச்சலாக்கும்!" வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் மருந்தாளருக்கும் பட்டப்பின் படிப்பாக மருத்துவ ஆராய்ச்சி முறையியலைக் கற்பிக்க வேண்டும் என்று கண்டிப் பக்கத்தில் யாராவது வாயெடுத்தால் இப்படித்தான் பதில் வரும். பதில் சொல்பவர் சோம்பேறியுமில்லை, மூடருமில்லை. இரண்டு பேர் படுக்க வேண்டிய இடத்தில் நான்கு பேரைப் படுக்கவைத்து இரவு முழுக்க ஓடியாடியவர். 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளையெல்லாம் நிறுத்தியது. அந்த வேளை கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்துவிட்டு, எப்படி உதவலாம் என்று பேசிப் பார்க்கும்படி தன் நாட்டு உயர்ஸ்தானிகரிடம் ஊரறியச் சொன்னார். அந்த நாட்களில் வேலை செய்தவருக்கு ஆராய்ச்சி என்பது வசதிக்காரரின் பொழுதுபோக்காகத் தோன்றினால் அவரைக் கோபிக்க முடியாது.

ஆனால் அவர் சொல்லும் காரணமே அவருடைய முடிவுக்கு எதிராக நிற்கிறது. பணம் கொழிக்கும் வைத்தியசாலை பலனில்லாத மருந்தையும் வாங்கி அடுக்கி வைக்கலாம், அதற்குத் தாங்கும். பேராதனைக்குத் தாங்காது. எந்த மருந்து வேலை செய்கிறது, எது வெறும் பழக்கத்தால் ஏற்றப்படுகிறது என்று பிரித்தறியத் தெரியாவிட்டால், இருக்கிற கொஞ்சமும் பழக்கத்துக்கே செலவாகும். அந்தப் பிரித்தறிதலுக்கான கைத்திறன்தான் முறையியல். அது நோயாளியின் கட்டிலருகே வேலை செய்பவர்களிடம் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். நஞ்சு உட்கொண்டு வருபவருக்கு மருத்துவக் கரித்தூளைக் கரைத்து, மணிக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் குடிக்கக் கொடுப்பது நல்லது என்று நம்பப்பட்டது. குடலில் உள்ள நஞ்சைக் கரி உறிஞ்சிக்கொள்ளும் என்ற விளக்கம் கேட்கவும் அழகாக இருந்தது. 2003இல் லான்செட் இதழில் இலங்கை வைத்தியர்களின் ஆய்வொன்று வெளிவந்தது. மஞ்சள் அலரிக் கொட்டை நச்சுக்கு ஆளாகி அனுராதபுரத்துக்கு வந்த 401 பேரை எழுமாற்றாக இரு பிரிவாக்கியிருந்தார்கள். ஒரு தடவை கரி எல்லோருக்கும் கிடைத்தது. அதன்பின் ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று நாள் தொடர்ந்து கரி கொடுக்கப்பட்டது. அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 5 பேர், மற்றதில் 16 பேர். இதைவிட என்ன வேண்டும்?

ஐந்து ஆண்டு கழித்து, 2008இல், அதே லான்செட்டில் இன்னோர் ஆய்வு. ஆய்வாளர் மைக்கல் எடில்ஸ்டனும் அவருடைய இலங்கைத் தோழர்களும் அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் வைத்தியசாலைகளில் 4632 பேரைச் சேர்த்து மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கரி, இன்னொன்றுக்கு ஒரே தடவை, மூன்றாவதற்குக் கரியே இல்லை. இறப்பு முறையே நூற்றுக்கு 6.3, 7.1, 6.8. சொல்லத்தக்க வித்தியாசம் எதுவுமில்லை. அந்த 4632 பேரில் அலரிக் கொட்டை உண்டவர்கள் மட்டுமே 1600க்கு மேல்.

இப்போது வார்டில் நிற்கும் வைத்தியர் எதை நம்புவார்? இரண்டும் இலங்கையில் நடந்தவை, இரண்டும் எழுமாற்றுச் சோதனைகள், இரண்டும் உலகப் புகழ் பெற்ற ஒரே இதழில் வந்தவை. முன்னதில் முழுத் தீர்ப்பும் பதினொரு மரண வித்தியாசத்தில் தொங்குகிறது என்பதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். அங்கே மூன்று நாள், இங்கே ஒரு நாள். அங்கே எல்லோருக்கும் முதல் தடவைக் கரி, இங்கே ஒரு பிரிவுக்கு அதுவும் இல்லை. இவை எத்தனை தூரம் முடிவை மாற்றும் என்று எடைபோடத் தெரிய வேண்டும். அலரிக்கு மட்டுமாவது கேள்வி முற்றாக மூடப்பட்டதா என்று நேர்மையாகத் தயங்கவும் தெரிய வேண்டும். இதெல்லாம் அறிவாளியாகப் பிறந்தவருக்குத் தானாக வருவதில்லை. நாடித்துடிப்புப் பார்ப்பதைப் போலவே பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக் கொடுத்து, தவறவிட்டு, மறுபடி பார்த்துக் கற்பது. மருத்துவ பீடத்தில் ஒரு தவணை புள்ளிவிபரவியல் படித்துச் சித்தியடைந்து மறந்துபோனவர் சுருக்கத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டு, தன் பழக்கத்துக்கு ஒத்த கட்டுரையை எடுத்துக்கொள்வார். அநேகமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

பாம்புக்கடி இன்னும் தெளிவான சாட்சி. இந்தியாவிலிருந்து வரும் நச்சு முறிமருந்து உயிர் காக்கும், ஆனால் ஏற்றும்போதே கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதைத் தடுக்க முன்கூட்டியே எதைப் போடுவது? ஹைட்ரோகோட்டிசோன் போடுவார்கள், புரோமெதசின் போடுவார்கள், சிலர் குறைந்த அளவு அட்ரினலின் போடுவார்கள், சிலர் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தன் அனுபவமே சான்று. 2011இல் வெளிவந்த ஆய்வில் இலங்கை வைத்தியர்கள் 1007 பேரிடம் இந்த மூன்றையும் தனியாகவும் கூட்டாகவும் வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு வகை ஒவ்வாமை வந்தது. முதல் மணித்தியாலக் கடும் ஒவ்வாமையை அட்ரினலின் நூற்றுக்கு 43 அளவு குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்தபோது கிடைத்த நன்மையும் போய்விட்டது. கவனியுங்கள், மூன்றுமே வார்ட் அலுமாரியில் ஏற்கனவே இருந்த மலிவு மருந்துகள். புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. யாரோ ஒருவர் ஒழுங்காகக் கேள்வி கேட்டு, ஒழுங்காக எண்ணினார். தட்டுப்பாட்டுக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி எது?

"சரி, அவையெல்லாம் நடந்து முடிந்தன. இனி வெளிநாட்டுக்காரர் செய்வதை வாசித்துப் பின்பற்றினால் போதாதா?" என்பார்கள். போதாது, ஏனென்றால் நம் நோயாளியை அவர்கள் பார்ப்பதில்லை. மலையடிவாரத் தோட்டங்களிலும் தேயிலைக் காடுகளிலும் அடிக்கடி கடிப்பது மூக்கு நுனி மேல்தூக்கிய சிறு விரியன், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா. இந்திய முறிமருந்து அதற்கென்று தயாரிக்கப்பட்டதே இல்லை. கடிபட்ட பலர் வீக்கத்தோடு தப்புவார்கள், சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். இலண்டன் வழிகாட்டி நூலில் இதற்கு என்ன இருக்கப்போகிறது? பேராதனைக் குழுவினர் கொஸ்தாரிக்காவின் ஆய்வகத்தோடு சேர்ந்து இலங்கைப் பாம்புகளுக்கென்றே ஒரு முறிமருந்தை உருவாக்க முனைந்தது, இங்குள்ளோர் கேட்டிராவிட்டால் வேறெவரும் கேட்க மாட்டார்கள் என்பதால்தான்.

பணக்கார நாட்டு வழிகாட்டி சில வேளை பயனற்றிருப்பதோடு நிற்காது, கொல்லவும் செய்யும். அதிர்ச்சி நிலையில் வரும் காய்ச்சல் குழந்தைக்குச் சேலைனை வேகமாக ஏற்று என்பது பாடநூல் விதி. உகண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் அந்த விதியைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றிய பிரிவுகளில் 48 மணித்தியாலத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். ஏற்றாத பிரிவில் 7.3. ஆபிரிக்காவிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நல்ல எண்ணத்தோடேயே குழந்தைகள் தொடர்ந்து இறந்திருப்பார்கள்.

நம் ஊர்ப் பெருமையாகச் சொல்லத்தக்கது ஒன்றும் உண்டு, கண்டியிலேயே பலருக்கு அது தெரியாது. பேராதனையில் 2004 அளவில் தொடங்கிய தென்னாசிய மருத்துவ நச்சியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வொரு நஞ்சு நோயாளியையும் எந்தப் பூச்சிக்கொல்லி, என்ன நேரம், என்ன ஆனது என்று பதிந்தது. 2010இல் வெளிவந்த அவர்களுடைய ஒப்பீட்டில் 9302 பேரின் பதிவுகள் இருந்தன. விவசாயிக்கு ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பூச்சிக்கொல்லிகளில் ஒன்று மற்றதைவிடப் பன்மடங்கு மனிதரைக் கொல்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எதை விற்கலாம் என்று தீர்மானிக்கும் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம் இருப்பது கெட்டம்பேயில், மருத்துவ பீடத்திலிருந்து சில கிலோமீற்றர். டைமெதோயேட், பென்தியன், பரகுவாட் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையே படிப்படியாகச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டன. அதற்கு முன்பே 1984, 1995, 1998 தடைகளும் வந்திருந்தன. 1995இல் லட்சத்துக்கு 47 வரை ஏறியிருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபதாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்கியது. எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கைகள் இதனால் மிஞ்சின என்று மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம்.

அதே காலத்தில் இன்னொரு யோசனைக்கும் பெரும் ஆதரவு இருந்தது: விவசாயி வீட்டில் பூச்சிக்கொல்லியைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுப்பது. யாருக்குத்தான் பிடிக்காது? தடை வேண்டாம், வியாபாரத்துக்கும் கேடில்லை, கிராமத்துக்குப் பெட்டி கொடுத்துப் படமும் பிடித்துக்கொள்ளலாம். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில், அதையும் எழுமாற்றாகச் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு: பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சருந்தல் குறையவில்லை. ஒழுங்கான சோதனை இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளுக்கு இன்றும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கிக்கொண்டிருப்போம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, ஏழைகளைச் சோதனை எலியாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. மற்ற வாதங்களைவிட இதை நான் மதிக்கிறேன். நான் சொன்ன ஆய்வுகளில் பலவற்றுக்குப் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலுமிருந்து பணம் வந்தது, கேள்வியை எழுதியதிலும் அந்நாட்டவருக்குப் பெரும் பங்கு இருந்தது. நோயாளி நம்மவர், இரவு விழித்தவர் நம்மவர், தலைப்புக்குக் கீழ் முதற் பெயர் பல வேளை வேறொருவருடையது. ஆனால் இதற்கு மருந்து என்ன? நம் வைத்தியருக்கு முறையியல் தெரியாமல் வைத்திருப்பதா? கேள்வியைத் தானே எழுதத் தெரியாதவர்தான் பிறர் எழுதிய கேள்விக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவராகிறார்.

சோதனை எலி என்ற அச்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரு பரிசோதனைக்குத் தங்களைக் கொடுத்தவர்கள்தாம். சம்மதப் படிவம் இல்லை, ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை, யாருக்கு என்ன ஆனது என்று எழுதிவைக்க ஒருவரும் இல்லை. சான்றில்லாத சிகிச்சையை நாள்தோறும் கொடுக்கும் வார்டிலும் நடப்பது அதுவேதான், அங்கே மட்டும் வெள்ளைக் கோட்டின் மரியாதை கூடுதலாக இருக்கிறது.

கண்டிக்கும் பேராதனைக்கும் நுவரெலியா, ஹட்டன் பக்கத்திலிருந்து வரும் தோட்டத்துத் தமிழ் நோயாளியை நினைத்துப் பாருங்கள். ஆய்வைப் பற்றி விளக்கினால், "டொக்டர் ஐயா சொன்னா சரிங்க" என்று கைநாட்டோ கையொப்பமோ வைத்துவிடுவார். அது சம்மதமாகாது. மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை அவர் நம்பும்படி அவருடைய பேச்சுத் தமிழில் சொல்லத் தெரிவதும், கடைசி நேரத்தில் ஆங்கிலப் படிவத்தை யாரிடமோ கொடுத்து மொழிபெயர்க்காமல் முதலிலேயே தமிழில் எழுதிப் பார்ப்பதும் முறையியலின் பகுதிதான். அதைக் கற்காதவர்தான் ஏழையை எலியாக்குவார். 2016 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் தோட்டப்புறச் சிறுவரில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். நாடு முழுவதற்கும் 17.3. மலையகத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்த எண்ணைக் கேட்டிருக்கிறேன். அதைக் குறைக்க எந்த வழி எந்த வழியைவிட மேல் என்று தோட்டங்களுக்கிடையே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்களை எங்கே உருவாக்குகிறோம் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்பதில்லை.

ஆராய்ச்சி என்பது பதவி உயர்வுக்கான காகிதம் என்ற கேலியிலும் உண்மை இருக்கிறது. பட்டப்பின் படிப்பில் ஆய்வேடு ஒரு கடவையாகிவிட்டது. கையில் இருக்கும் நூறு நோயாளிக் கோப்புகளைப் புரட்டி, வினாக்கொத்து ஒன்றைச் சுற்றி விட்டு, கணினி தந்த எண்களை ஒட்டி, கட்டிக் கொடுத்து மறந்துவிடுவது பலருடைய அனுபவம். ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994இலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் இதைக் கடுமையாகத் தாக்கினார்: ஆய்வின் எண்ணிக்கை குறையட்டும், தரம் உயரட்டும், செய்பவர் சரியான காரணத்துக்காகச் செய்யட்டும் என்றார். நானும் அவர் கட்சிதான். ஆனால் மோசமான ஆய்வேடுகள் குவிவது முறையியலைக் கற்பித்ததால் வந்த வினையா? கற்பிக்காமலே ஆய்வு கேட்டதால் வந்தது. நீச்சல் தெரியாதவரை மகாவலியில் இறக்கிவிட்டு ஆற்றைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. இந்தப் பேச்சு எப்போதும் வைத்தியரைச் சுற்றியே நடக்கிறது. விசேட வைத்திய நிபுணர்களை உருவாக்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 முதல் கொழும்பில் இருக்கிறது. அதன் பாதை வைத்தியருக்கானது. தாதியரும் மருந்தாளரும் இயன்முறை வைத்தியரும் கதிர்ப்படத்துறையினரும் பேராதனையின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் பட்டம் பெறுகிறார்கள், பிறகு வார்டுக்குப் போனதும் அவர்களிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவர்களைக் கேள்வி கேட்க விடுவதுமில்லை. 2023இல் என்ன நடந்தது? மயக்க மருந்து ஒன்று மரணங்களையடுத்துப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. ஜூலையில் பேராதனை வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்ட பின் ஓர் இளம் பெண் இறந்தார். நாடே கொதித்தது. மருந்து நல்லதா கெட்டதா, தாதி செய்தது சரியா பிழையா என்று தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் விவாதம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தக் கோபம் நியாயம். வைத்தியசாலைகள் கேட்டிருக்க வேண்டியவை வேறு. அந்தத் தொகுதி மருந்து எத்தனை பேருக்கு ஏற்றப்பட்டது? அதில் எத்தனை பேருக்கு ஒவ்வாமை? முந்தைய தொகுதியில் எத்தனை? ஏற்றிய வேகம், கரைத்த அளவு எங்கே பதியப்பட்டது? பின்னத்தில் மேலே உள்ள எண், அதாவது பாதிக்கப்பட்டவர் தொகை, எல்லோர் வாயிலும் வந்துவிடும்; கீழே வரவேண்டிய எண்ணை, அதாவது மருந்து ஏற்றப்பட்டவர் தொகையை, தேடத் தெரிந்தவர் வார்டில் இருக்க வேண்டும். மருந்தை ஏற்றுபவரும் முதலில் மாற்றத்தைக் காண்பவரும் தாதிதான். தொகுதி எண்ணை வைத்திருப்பவர் மருந்தாளர். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு வைத்தியருக்கு மட்டும் முறையியல் கற்பிப்பது பாதிக் கண்ணை மூடிக்கொள்வதாகும்.

ஆகவே படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பேராதனையில், வேலையை விடாமல், வாரம் ஓர் அரைநாள் கடமை விடுப்போடு ஓராண்டு. ஒரே வகுப்பில் வைத்தியர், தாதி, மருந்தாளர். நுழையும்போது ஒவ்வொரு குழுவும் தன் வார்டிலிருந்து ஒரு கேள்வியோடு வர வேண்டும், வெளியேறும்போது அதற்கான ஆய்வுத் திட்டமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பெரிய சோதனை தேவையில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனையும் சிறுவர் வைத்தியசாலையும் சில கிலோமீற்றருக்குள் இருக்கும்போது மூன்றும் சேர்ந்து ஒரே படிவத்தில் எண்ணத் தொடங்கினாலே போதும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் சோதனைப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது, ஆய்வைத் தொடங்குமுன் அதில் பதிவது கட்டாயமென்றால் முடிவு பிடிக்காதபோது கோப்பை ஒளித்துவைப்பதும் கடினமாகும். செலவில் பெரும்பகுதி ஒரு நல்ல புள்ளிவிபரவியலாளரின் சம்பளம்தான்.

கடைசியாக, படித்து முடித்ததும் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற பயம். 2022க்குப் பின் எத்தனை பேர் போனார்கள் என்பதைக் கண்டியில் எல்லா வார்டிலும் பார்க்கிறோம். ஆனால் பிரித்தானியாவுக்கான பிளாப் பரீட்சைக்கும் அவுஸ்திரேலியாவுக்கான ஏ.எம்.சி.க்கும் இரவிரவாகப் படிப்பவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தப் பரீட்சைகள் விமானச் சீட்டுக்கு முந்திய சீட்டு என்பது ஊரறிந்தது. சொந்த வார்டின் கேள்வியைச் சொந்த நோயாளியிடம் கற்றவருக்குத்தான் இங்கே இருக்க ஏதாவது காரணம் இருக்கும். அப்படியும் போகிறவர் போகட்டும். பொலொன் தெலிஸ்ஸா கடித்துச் செயலிழந்த சிறுநீரகத்தைப் பற்றி ஓராண்டு எண்ணிப் படித்தவருக்கு மான்செஸ்டரில் அதற்கென்று ஒரு பவுண் கூடுதலாக யாரும் தரப்போவதில்லை.